‘ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ப்ராப்ளம்’: எங்கே சொல்லலாம், எங்கே வாயை மூடிக்கொள்ளலாம்

ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் தொழில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காட்சி வந்தது. ஒருத்தி சோபாவில் கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். போன் சார்ஜர் ஒயர் சோபா வரைக்கும் எட்டவில்லை. இழுத்துப் பார்க்கிறாள், திட்டுகிறாள், கடைசியில் பெருமூச்சு விட்டு ‘ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ப்ராப்ளம்ஸ்’ என்கிறாள். நான் யோசிக்கவே இல்லை. ‘முதல் உலகப் பிரச்சினைகள்’ என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் எங்கள் வரிகளைச் சரிபார்க்கும் மூத்தவர் கூப்பிட்டார்.

“ஏம்மா, முதல் உலகப் பிரச்சினைன்னு போட்டிருக்கியே, போர் எந்தக் காட்சியில வருது? கடைசி வரைக்கும் பார்த்துட்டேன், ஒரு துப்பாக்கிகூட இல்லையே?”

அவர் சொன்னது சரிதான். தமிழ்க் காதில் ‘முதல் உலக’ என்று விழுந்தாலே அடுத்து வர வேண்டியது ‘போர்’. 1914, பதுங்குகுழி, பீரங்கி. சார்ஜர் ஒயருக்கு அங்கே என்ன வேலை? அசடு வழிந்தபடி சீட்டுக்குத் திரும்பினேன். இரண்டு விநாடிகூடத் திரையில் நிற்காத அந்த ஒரு வரிக்கு அன்று ஒன்றரை மணி நேரம் போனது. அதற்கப்புறம் இந்தச் சொற்றொடரை எங்கே கேட்டாலும் காது நிமிர்ந்துவிடும். யார் சொல்கிறார்கள், யாரிடம், எதற்காக என்று கவனித்து வைத்துக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கிலத்திலேயே சொல்ல நினைப்பவருக்கும் உதவும், தமிழில் அதே சுருதியைத் தேடுபவருக்கும் உதவும்.

முதலில் பொருள். வசதி இருப்பதாலேயே வருகிற சின்னத் தொல்லை. ‘ஃபர்ஸ்ட் வேர்ல்ட்’ என்பது இங்கே பணக்கார நாடு, வசதியான வாழ்க்கை என்பதற்கான குறி. சொல்லுகிற ஆள், “எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் இதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை என்பதும் எனக்குத் தெரியும்” என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிடுகிறார். புலம்பலும் புலம்பியதற்கு மன்னிப்பும் ஒரே பொட்டலத்தில்.

‘சின்னக் கஷ்டம்’ எல்லாமே இதில் அடங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பேன். அந்த வசதியைக் கழித்துவிட்டால் தொல்லையும் சேர்ந்து போய்விடுமா? போய்விடும் என்றால் தொடர் பொருந்தும். மழையில் குடை முறிந்து நனைந்தால் அது வெறும் தொல்லை. யாருக்கும் வரும். எந்த உலகத்திலும் மழை பெய்யும். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நடந்து போவதும் அப்படித்தான். ஆனால் என் மேஜையில் இரண்டு மானிட்டர் இருக்கின்றன. ஒன்றில் வெள்ளை நிறம் லேசாக நீலம் பாய்ந்து தெரிகிறது, மற்றதில் மஞ்சள் தட்டுகிறது. ஒரு ஜன்னலை இங்கிருந்து அங்கே இழுக்கும்போதெல்லாம் கண் உறுத்துகிறது. ஒரே மானிட்டர் வைத்திருப்பவருக்கு இந்த அவஸ்தை வருமா? வராது. அப்படியானால் இது சுத்தமான, கலப்படமில்லாத ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ப்ராப்ளம்.

இன்னும் சில, என் வீட்டிலிருந்தே. காதில் மாட்டும் ஒயர்லெஸ் இயர்பட்டில் வலது பக்கம் மட்டும் சார்ஜ் தீர்ந்து போவது. வெளிச்சத்தம் கேட்காமல் அடைக்கிற ஹெட்போன் அருமையாக வேலை செய்ததால் காலிங்பெல் கேட்காமல், பார்சல் கொண்டுவந்தவர் திரும்பிப் போய்விடுவது. ராத்திரி தலையணையில் பாதி முகம் புதைந்திருக்கும்போது போன் என்னை யாரென்றே தெரியாதது மாதிரி பார்ப்பது. எதைப் பார்க்கலாம் என்று நாற்பது நிமிடம் தேடிவிட்டு, இனி படம் பார்க்க நேரமில்லை என்று டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போவது. (தொழிலே படம் பார்ப்பதுதான் என்பதால் இந்தக் கடைசித் தொல்லையை வெளியே சொல்ல எனக்கு வெட்கம். சொல்லிவிட்டேன்.)

அந்தக் கணக்கோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எரிச்சல் நிஜமாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தத் தொடர் பீற்றலாக மாறிவிடும். “மூணு கார்ல எதை எடுக்கிறதுன்னே தெரியலை, ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ப்ராப்ளம்ஸ்” என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் காதில் விழுவது ‘மூணு கார்’ மட்டும்தான். குறை சொல்கிற சாக்கில் பெருமையடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஹம்பிள்பிராக்’ என்று தனிப் பெயரே உண்டு. இரண்டுக்கும் நடுவில் கோடு மெல்லியது. உங்கள் தொல்லையில் நீங்கள் கொஞ்சமாவது அசடாகத் தெரிய வேண்டும், எட்டாத ஒயரை இழுத்துக்கொண்டு கிடந்தவள் மாதிரி. அசட்டுத்தனம் இல்லையென்றால் சொல்லாமல் விடுவது நல்லது.

வாக்கியத்தில் எங்கே வைப்பது? பெரும்பாலும் கடைசியில். புலம்பலை முழுசாகச் சொல்லிவிட்டு, ஒரு சின்ன இடைவெளி விட்டு, குரலைத் தாழ்த்தித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்னால் ‘திஸ் இஸ்’, பின்னால் விளக்கம் எதுவும் வேண்டாம். ஒரு தொல்லையைச் சொல்லியிருந்தாலும் ‘ப்ராப்ளம்ஸ்’ என்று பன்மையில் சொல்வது சகஜம். அது ஒரு முத்திரை மாதிரி, எண்ணிக்கை பார்ப்பதில்லை. வாக்கியத்துக்குள்ளே வைத்துச் சொல்வதானால் ‘இட்ஸ் எ ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ப்ராப்ளம்’ என்று ஒருமையில் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிற வழியும் உண்டு. ‘ஐ நோ, ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ப்ராப்ளம், பட்…’ என்று தொடங்கினால் அது அனுமதி கேட்கிற பாவனை. “சிரிக்காதே, ஒண்ணு சொல்றேன்” என்று நாம் ஆரம்பிப்பதைப் போல. ஒரு பேச்சில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். இரண்டாவது தடவை முத்திரை தேய்ந்துவிடும். மூன்றாவது தடவை, இந்த ஆளுக்கு வேறு பேச்சே கிடையாதா என்று தோன்றும்.

எழுத்திலும் இது அரட்டைக்கும் ஸ்டேட்டஸுக்கும் உரியது. அலுவலக மின்னஞ்சலில் எழுதாதீர்கள். “சர்வர் மெதுவாக இருக்கிறது, ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ப்ராப்ளம்” என்று நீங்களே எழுதிவிட்டால், அதைச் சரிசெய்ய வேண்டியவர் அந்த வரியைக் காட்டியே உங்கள் புகாரை ஓரம் கட்டிவிடுவார்.

யாரைக் குறித்துச் சொல்வது என்பதில்தான் நான் நன்றாகச் சூடு பட்டிருக்கிறேன்.

என் தங்கைக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தோம். “துணி காயப்போடற மெஷின் நிக்கும்போது பீப் பீப்புன்னு அஞ்சு தடவை கத்துதுக்கா. அதை நிறுத்த வழியே இல்லை. அதை யாருதான் செஞ்சானோ!” என்றாள். அன்றைக்குத்தான் அந்தத் தொடர் வந்த இன்னொரு காட்சியை முடித்திருந்தேன். நாக்கு நுனியில் இருந்தது. “ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ப்ராப்ளம்டி உனக்கு” என்றேன், சிரிப்போடு.

அவள் சிரிக்கவில்லை. “சரிக்கா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது. குழந்தை ராத்திரி முழுக்க அழுது, விடியற்காலையில் கண் அசரும். அந்த நேரத்தில்தான் மெஷின் ஓடி முடியும். ஐந்து பீப்புக்கும் குழந்தை எழுந்துவிடும். அவள் ஒழுங்காகத் தூங்கி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. என்னிடம் அவள் மெஷினைப் பற்றியா சொன்னாள்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பதை நானே ஆயிரம் தடவை மற்றவர்களிடம் சொன்னவள்தான்.

ஆகவே என் கறாரான விதி இது. இந்தத் தொடரின் எழுவாய் எப்போதும் ‘நான்’. உங்கள் தொல்லைக்கு நீங்கள் சூட்டிக்கொள்ளலாம். அடுத்தவர் தொல்லைக்கு நீங்கள் சூட்டினால், “உன் கஷ்டம் கஷ்டமே இல்லை” என்று தீர்ப்பு எழுதியதாகிவிடும். நமக்குத் தெரிவது தொல்லையின் மேல் நுனி மட்டும். கீழே என்ன இருக்கிறது என்பது சொல்லுகிறவருக்கே சில நேரம் தெரியாது. உடல்வலி, தூக்கமின்மை, தனிமை, மனச்சோர்வு, இவை பக்கத்தில் எங்கேயாவது நிழலாடினாலும் இந்தத் தொடரை எடுக்காதீர்கள். எவ்வளவு வசதியான வீட்டில் இருந்தாலும் சரி. நெருங்கிய சிநேகிதர்கள் ஒருவரை ஒருவர் இதை வைத்துக் கிண்டலடிப்பது உண்டு. அங்கேகூட, எதிராளி முதலில் தன்னைத்தானே ஒரு தடவை கிண்டலடித்துக்கொண்ட பிறகுதான் நான் வாய் திறப்பேன்.

இந்தக் கூச்சத்துக்குத் தொடரின் பிறப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஆல்ஃபிரட் சோவி என்ற பிரெஞ்சு மக்கள்தொகை அறிஞர் 1952 ஆகஸ்டில் ஒரு வார இதழில் எழுதிய கட்டுரையில் ‘மூன்றாம் உலகம்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். 1789 புரட்சிக்கு முந்தைய பிரான்ஸில் மதகுருக்கள், பிரபுக்கள், மிச்சமுள்ள அத்தனை பேரும் என்று சமூகத்தை மூன்று அடுக்காகப் பிரித்திருந்தார்கள். அந்த மூன்றாவது அடுக்கை மனதில் வைத்துத்தான் அவர் அப்படிப் பெயரிட்டார். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் முதல் உலகம், சோவியத் யூனியனும் அதன் கூட்டாளிகளும் இரண்டாம் உலகம், இரண்டிலும் சேராதவை மூன்றாம் உலகம் என்று ஆனது. 1991ல் சோவியத் யூனியனே கலைந்துவிட்டது. இரண்டாம் உலகம் போன பிறகும் முதலும் மூன்றும் மட்டும் ‘பணக்கார’, ‘ஏழை’ என்ற அர்த்தத்தில் பேச்சில் தங்கிவிட்டன.

2000-களின் நடுவிலிருந்து இணையத்தில் இது கிண்டல் தொடராகப் பரவியது. ட்விட்டரில் ஹேஷ்டேக் ஆனது. 2012ல் ஆக்ஸ்ஃபோர்டின் இணைய அகராதியில் இடம்பிடித்தது. அதே ஆண்டு, குடிநீருக்கு நிதி திரட்டும் வாட்டர் இஸ் லைஃப் என்ற அமைப்பு ஒரு விளம்பரப் படம் எடுத்தது. ஹைட்டியில் உள்ளவர்கள் கேமரா முன்னால் நின்று, அந்த ஹேஷ்டேகில் வந்த புலம்பல்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். வீடு ரொம்பப் பெரிசு, இரண்டு ரௌட்டர் தேவைப்படுகிறது என்ற புலம்பலும் அதில் ஒன்று. இரண்டு ஆண்டுக்கு முன்புதான் பூகம்பம் அந்த நாட்டைப் புரட்டிப் போட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு இந்தத் தொடரைச் சும்மா விளையாட்டாகச் சொல்ல எனக்குப் பல மாதம் நாக்கு எழவில்லை.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு அடி உண்டு. எனக்கு அதுதான் இன்னும் கூர்மையாகப் படுகிறது. நைஜீரியாவில் வளர்ந்த எழுத்தாளர் டேஜு கோல் 2011ல் இந்தத் தொடரே பிடிக்கவில்லை என்று எழுதினார். இது பொய், மேட்டிமைத்தனம் என்பது அவர் வாதம். நைஜீரியருக்கும் போன் மக்கர் செய்யும், அவரும் அற்ப விஷயங்களுக்கு எரிச்சல்படுவார். ஏழை நாட்டில் இருப்பவர் எந்நேரமும் பசியையும் வெள்ளத்தையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பார் என்று எண்ணுவதுதான் தப்பு. அற்ப எரிச்சல் என்ன, ஒரு சில நாடுகளின் தனிச்சொத்தா? எனவே, கேட்பவர் வேறு நாட்டவர், பின்னணி தெரியாது என்றால் ‘ஃபர்ஸ்ட் வேர்ல்ட்’ என்ற அடையாளமே இல்லாத வழியில் சொல்லிவிடுங்கள். “சில்லி, ஐ நோ” என்ற மூன்று சொல்லே ஆங்கிலத்தில் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். யாரையும் எந்த உலகத்திலும் நிறுத்தாது.

தமிழுக்கு வருகிறேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் எழுதி அழித்தவை: ‘பணக்காரக் கவலை’ (அவள் பணக்காரி இல்லை, ஒயர்தான் குட்டை), ‘சொகுசுக் கவலை’ (புரிகிறது, ஆனால் யாரும் வாயால் அப்படிச் சொல்லமாட்டார்கள்), ‘கொழுப்பெடுத்த கவலை’ (வேறொருவர் அவளைத் திட்டுவது போல இருக்கிறது), ‘ரொம்ப முக்கியம்!’ (கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் இதுவும் அடுத்தவரை இடிக்கிற சொல்). அப்போதுதான் உறைத்தது. நான் அந்த மூன்று ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியதோ, சோபாவில் கிடக்கிற ஒரு தமிழ்ப் பெண் அந்த நொடியில் என்ன சொல்லுவாள் என்பதை. கடைசியில் போட்டது: “எனக்கு வந்த கஷ்டத்தைப் பாரேன்!”

மூத்தவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ‘சரி’ என்று குறி போட்டார். அவரிடம் அது பெரிய பட்டம்.

இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தனக்குத்தானே முணுமுணுப்பதானால் “இதெல்லாம் ஒரு கவலை எனக்கு!” கொஞ்சம் உரக்க, பக்கத்தில் இருப்பவர் சிரிக்க வேண்டும் என்றால் “வசதி முத்திப்போச்சு, வேற என்ன!” புலம்பலுக்கு முன்னால் அனுமதி கேட்க “கேட்டா அடிக்க வருவே, இருந்தாலும் சொல்றேன்.” இவை மூன்றிலும் இடி விழுவது சொல்லுகிறவர் தலையில்தான் என்பதைக் கவனியுங்கள். “உனக்கென்ன, ராஜா வாழ்க்கை!” என்று ஆரம்பித்தால் இடி மறுபக்கம் போய்விடும். தங்கை போனை வைத்துவிடுவாள்.

இதே சாயலில் வேறு ஆங்கிலத் தொடர்களும் உண்டு. மாற்றிப் போட்டுவிடாதீர்கள். புது வேலை, புது மென்பொருள், புது வீடு என்று எதுவும் ஆரம்பத்தில் முரண்டு பிடித்தால் அது ‘டீத்திங் ட்ரபிள்ஸ்’. குழந்தைக்குப் பல் முளைக்கும்போது வருகிற உபத்திரவத்திலிருந்து வந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. நடுவில் கொஞ்சம் தடைபட்டு மறுபடி ஓடினால் ‘ஹிக்கப்’, விக்கல். தினம் தினம் உயிரை வாங்குகிற ஆளோ வேலையோ என்றால் ‘பெயின் இன் த நெக்’. சின்னச் சின்னதாகச் சேர்ந்து கடைசியில் ஒன்று உடைத்துவிட்டது என்றால் ‘லாஸ்ட் ஸ்ட்ரா’. ஒட்டகத்தின் முதுகை முறித்த கடைசி வைக்கோல். மயிலிறகுதான் என்றாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று நம்மிடம் பழைய பேச்சு உண்டே, அதேதான். என் தங்கையின் ஐந்து பீப் இந்தக் கடைசி ரகம். நான் அதை ‘ஃபர்ஸ்ட் வேர்ல்ட்’ ரகம் என்று நினைத்ததுதான் கோளாறு.

ஒருவர் உங்களிடம் இந்தத் தொடரைச் சொன்னால் என்ன பதில் சொல்வது? இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆலோசனை சொல்லாதீர்கள். “நீளமான ஒயர் வாங்கிக்கயேன்” என்றால் பேச்சு அங்கேயே செத்துவிடும். அவருக்குத் தெரியாதா என்ன? “உலகத்துல எத்தனை பேர் கஷ்டப்படறாங்க தெரியுமா” என்று பாடம் எடுப்பது இன்னும் மோசம். அந்தப் பாடத்தை அவரே தனக்கு எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். இரண்டே வழிதான் எனக்குத் தெரிந்து ஒத்துவருகிறது. கூடச் சிரிப்பது, அல்லது உங்கள் அற்பத் தொல்லை ஒன்றைப் பதிலுக்கு எடுத்துவிடுவது.

அந்த மூத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். எப்போதாவது செய்தி அனுப்புவார். எங்களுக்குள் மட்டும் அந்தப் பழைய தப்பு மொழிபெயர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. போன மாதம் எழுதியிருந்தார்: “புதுக் கண்ணாடி ரொம்ப லேசும்மா. போட்டிருக்கிறதே தெரியாம அரை மணி நேரம் வீடு பூரா அதைத்தான் தேடினேன். முதல் உலகப் போர் மூண்டுவிட்டது.”

“இங்கேயும்தான் சார். ரெண்டு மானிட்டர், ரெண்டு வெள்ளை” என்று பதில் போட்டேன்.

உடனே வந்தது: “துப்பாக்கி உண்டா?”